வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜோசஃபின் மிஸ் ஓய்வு பெற்றபோது பிரிவுபசார மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கடமை, கருணை, கண்டிப்பு என்று நாலு வார்த்தையைப் போட்டு எழுதிக் கொடுத்தேன். மிஸ் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "உண்மையை எழுதறதா இருந்தா எழுது ரமா. பேரை மாத்தாம எழுது" என்றார். அதனால்தான் இது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த மாணவியின் நோட்டு வந்தாலும், அதில் யார் வீட்டைப் பற்றியாவது எழுதியிருந்தால், ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவார். "வீட்டில் எத்தனை பேர் என்று கேட்காதே. எத்தனை தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது என்று பார்." அதற்குக் கீழே இன்னொன்று: "மூடிய அறை உண்டா? தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" எல்லா நோட்டிலும் இந்த இரண்டும் இருக்கும். "மிஸ், நீங்க சமூகப்பணி சொல்லித் தர்றீங்களா, திருடறதுக்கு ட்ரெயினிங் குடுக்கறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் நாக்கில் சனி என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

பெங்களூரில் நான் இருப்பது மல்லேஸ்வரம். தினமும் மெஜஸ்டிக் வந்து பஸ் மாறி ஆஸ்டின் டவுன் போவேன். அங்கே ஒரு மாடியில் இரண்டு அறை, ஒரு தமிழ் டைப்ரைட்டர், கரகரவென்று சுற்றும் ஒரு ஃபேன். அதுதான் எங்கள் அஞ்சல்வழிக் கல்வி மையம். ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தியது. தளி, அஞ்செட்டி, கோலார் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிற பால்வாடி டீச்சர்கள், நர்ஸ் உதவியாளர்கள் வீட்டிலிருந்தபடியே சமூகப்பணி டிப்ளமா படிக்கலாம். சமூகப்பணியைத் தபாலில் படிப்பதும் நீச்சலைத் தபாலில் படிப்பதும் ஒன்றுதான் என்று என் மாமியார் சொல்வார். அவர் சொன்னதில் பாதி சரி. பாடத்தை நாங்கள் அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு மாணவியும் தன் ஊர்ப் பக்கத்தில் ஒருவரை க்ளையண்டாகத் தேர்ந்தெடுத்து, வருஷத்தில் ஐந்து முறை போய்ப் பார்த்து, பார்த்ததையும் கேட்டதையும் ஒரு நோட்டில் எழுதி அனுப்ப வேண்டும். க்ளையண்டின் பெயரையும் ஊரையும் மாற்றி எழுத வேண்டும். சொந்தக் குடும்பத்தாரை எடுக்கக் கூடாது. ஜோசஃபின் மிஸ் படித்துக் குறிப்பு எழுதுவார், நான் பதிவுப் புத்தகத்தில் ஏற்றித் திருப்பி அனுப்புவேன். அப்படித்தான் நடந்தது எங்கள் பள்ளிக்கூடம்.

நிறைய நோட்டு காப்பி. ஒரே குடிகாரக் கணவன் பதினொரு கிராமத்தில் ஒரே நாளில் திருந்துவான். மிஸ் அவற்றைத் தூக்கிப் போடுவார். உண்மையானது வந்தால் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். பார்த்த முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அந்தத் திறமைக்கு நான் இன்றைக்கும் தலைவணங்குகிறேன்.

மிஸ்ஸின் வீடு மையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் ஒரு மணிக்குத் தவறாமல் வீட்டுக்குப் போவார். சில நாள் என்னையும் காப்பிக்குக் கூப்பிடுவார். முன்னறையில் ஒரு மாதா படம், ஒரு பிரம்பு நாற்காலி, பெரிய ரேடியோ. ரேடியோ எப்போதும் சத்தமாகப் பாடும். நான் அந்தச் சத்தத்துக்கும் மேலே கத்துவேன்: "மிஸ், எனக்கு அரை ஸ்பூன் சக்கரை! மறந்துடாதீங்க!" கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா அப்பா போய்ச் சேர்ந்தாகிவிட்டது, தம்பி ஓஸ்வால்ட் மஸ்கட்டில் வேலை. கிறிஸ்துமஸுக்குத் தம்பி அனுப்பியது என்று எனக்கு ஒரு பவுடர் டப்பா கொடுப்பார். டப்பாவின் அடியில் மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட் கடைச் சீட்டு ஒட்டியிருக்கும். பாவம், கௌரவத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. மிச்சமிருந்த ஒரு வரியை யாரோ பாடி முடித்தார்கள். ஆண் குரல், மெதுவாக, சுருதி பிசகாமல். மிஸ் டம்ளரைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். "சுவர் மெலிசு ரமா. பக்கத்து வீட்டு ஆளு" என்றார். நன்றாகப் பாடுகிறாரே என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

தொண்ணூற்றேழு ஜூலையில் சாந்தகுமாரியின் முதல் நோட்டு வந்தது. அஞ்செட்டிக்கு அப்பால் மலை ஓரத்தில் ஒரு கிராமம். பால்வாடி டீச்சர், முப்பது வயசு. புகை வாசனை அடிக்கும் நாற்பது பக்க நோட்டு. க்ளையண்டுக்கு வாசுகி என்று பெயர் வைத்திருந்தாள். தனியாக இருக்கும் பெண். இரண்டு அறை வீடு. "நான் தனிக்கட்டை என்கிறார். ஆனால் இரண்டு தட்டு கவிழ்த்திருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது காப்பி இல்ல. இந்தப் பொண்ணு கண்ணு வச்சிருக்கா" என்றார். சந்தோஷமாகச் சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் வழக்கமான தாழ்ப்பாள் கேள்வியை எழுதினார்.

ஆகஸ்ட் நோட்டில் பதில் வந்தது. "தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தாழ்ப்பாளைச் சுற்றிப் பச்சைப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறது. தினமும் பல தடவை கை படுகிற இடம். உள்ளே என்ன என்று கேட்டேன். பழைய சாமான் என்றார். சாமானுக்கு எதற்குத் தண்ணீர்ச் சொம்பு என்று கேட்க வாய் வரவில்லை. உறவுக்காரர் ஒருவர் பம்பாயில் வேலை செய்வதாகவும் அங்கிருந்து சேலை வருவதாகவும் சொல்கிறார். சேலையில் ஓசூர்க் கடை அட்டை இருக்கிறது."

மிஸ் அன்று ஒரு குறிப்பும் எழுதவில்லை. நோட்டை மூடி மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பொண்ணு பெங்களூர் வந்திருக்காளா? நம்ம ஆபீசுக்கு வந்தாளா?" என்று கேட்டார். பதிவைப் பார்த்தேன். வரவில்லை. மே மாதம் நடந்த நேர்முக வகுப்புக்குக்கூட, கோடை மழையில் ஆற்று வெள்ளம் என்று வராமல் இருந்தவள். அதைச் சொன்னேன். மிஸ்ஸுக்கு அது ஆறுதலாக இல்லை. அன்று மத்தியானம் வீட்டுக்குப் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

செப்டம்பர் நோட்டை நான்தான் முதலில் பிரித்தேன். பதிவு போடப் பக்கம் எண்ணுகிற சாக்கில் படிப்பேன், அது என் கெட்ட பழக்கம். "நான் போனபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பேசுவதற்காக வாசுகி அதை நிறுத்தினார். பாட்டின் கடைசி வரியை உள்ளேயிருந்து யாரோ பாடி முடித்தார்கள். எலி என்றார் வாசுகி. நானும் எலிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்."

பட்டப்பகல். கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரன் தக்காளி விற்றுக்கொண்டிருக்கிறான். அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். அந்தப் பாட்டை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காப்பியோடு கேட்டிருக்கிறேன். நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பெங்களூரைக் கண்ணால் பார்க்காத ஒருத்தி அதை எழுதியிருக்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். ஒரு முழு ஆளை இரண்டு அறை வீட்டில் மறைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மஸ்கட் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்தது. மிஸ்ஸிடம் கேட்டிருக்கலாம். பஸ் கண்டக்டரிடம், மாமியாரிடம், முனிசிபாலிட்டிக்காரனிடம் எல்லாம் நீளுகிற என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது. நோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது மிஸ் படித்து முடித்திருந்தார்.

அதற்கப்புறம் என்னைக் காப்பிக்குக் கூப்பிடவில்லை. அக்டோபரில் ஒருநாள் ஜுரம் என்று மிஸ் வரவில்லை. கையெழுத்து வாங்க நான் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திப் போட்டுக் கொடுத்தார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உள்ளறைக் கதவு தெரியவில்லை. கதவை மறைத்துப் புதிதாகக் கட்டம் போட்ட திரை ஒன்று தொங்கியது.

நவம்பரில் நாலாவது நோட்டு வந்தது. முதல் வரி: "இந்த முறை உள்ளறைக் கதவுக்குத் திரை போட்டிருக்கிறார்."

மிஸ் அந்த ஒரு வரியை எத்தனை தரம் படித்தார் என்று தெரியாது. பேய் பிசாசு எல்லாம் கிடையாது என்று வகுப்பில் அடித்துப் பேசுகிறவர், எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "யாரோ என் வீட்டுக்குள்ள நிக்கிறாங்க ரமா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்தச் சின்ன அறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நோட்டின் கடைசியில்தான் விஷயம் இருந்தது. "உள்ளே இருக்கிறவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது. மூன்று நாளாக இருமல். பாட்டு இல்லை. டாக்டரைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வாசுகி பயப்படுகிறார். தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லலாமா? என் வரம்பு எதுவரை? ஆசிரியர் எழுதித் தந்தால் அதன்படி செய்கிறேன். சீக்கிரம் எழுதவும்." சீக்கிரம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

மிஸ் சிவப்புப் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு எழுதாமல் என்னிடம் வாயால் சொன்னார். "லெட்டர் அடி. இந்த க்ளையண்ட் வேணாம். இனிமே அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. வேற ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லு."

"மிஸ், அந்தப் பொண்ணு தொறக்கலாமான்னு கேக்கறா. உள்ள யாருக்கோ இருமல்னு எழுதியிருக்கா."

"அது அவ வரம்பு இல்ல."

"அப்ப யாரு வரம்பு மிஸ்?"

"ரமா, பேடா. அடின்னா அடி" என்றார். பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம். கோபம் வந்தால் மட்டும் அவருக்குக் கன்னடம் வரும். அன்று கோபமில்லை, பயம். ஊருக்குத்தான் உபதேசம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அடித்தேன். திட்டினேனே தவிர அடிக்காமல் இருக்கவில்லை. மூன்று வரி. கீழே மிஸ் கையெழுத்து. அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவள் நான்.

டிசம்பரில் ஒன்றும் வரவில்லை. மிஸ்ஸின் முகம் கொஞ்சம் தெளிந்தது. கிறிஸ்துமஸுக்கு மஸ்கட் பவுடர் வந்தது. வாங்கிக்கொண்டேன், தேங்க்ஸ் சொன்னேன். வீட்டில் அதைத் திறக்கவே இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். ஐந்தாவது நோட்டு வந்தது. புது க்ளையண்டாக இருக்கும் என்று நினைத்து மிஸ்ஸே பிரித்தார். இரண்டு பக்கம்தான் எழுதியிருந்தது. படித்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். எழுத்து முத்து முத்தாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

"ஐந்தாம் சந்திப்பு. ஆசிரியர் போக வேண்டாம் என்று எழுதியபடி நோட்டோடு போகவில்லை. எனவே பேட்டி நடக்கவில்லை. அவதானிப்பு மட்டும்: வாசுகி வீட்டில் இப்போது ஒரு தட்டு கவிழ்த்திருக்கிறது.

"மிஸ், நான் விதியை மீறினேன். வாசுகி என் அம்மா. உள்ளே இருந்தது என் அக்கா. பதினாறு வயதில் புத்தி பேதலித்தவள். பம்பாயில் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். நான் கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறேன். மகளாகப் போய்க் கேட்டால் அம்மா என் வாயை அடைத்துவிடுவாள். படிக்கிறவளாக நோட்டோடு போனபோதுதான் பதில் சொன்னாள். நான் அதிகம் பார்க்கிறேன் என்று திரையும் போட்டாள். எழுத்தில் வந்தால் அம்மா மதிப்பாள். உங்கள் சிவப்பு மையில் 'திற' என்று ஒரு வார்த்தை இருந்தால் அதைக் காட்டித் திறக்க வைத்திருப்பேன். முதல் பாடத்திலேயே தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். என் சீனியர் அக்காக்களின் நோட்டுகளிலும் அதையே கேட்டிருந்தீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதினேன். உங்கள் லெட்டர் வந்து ஆறாம் நாள் அக்கா போய்விட்டாள். இதற்கு மார்க் வேண்டாம்."

யாரும் மிஸ்ஸின் வீட்டுக்குள் நிற்கவில்லை. மலை ஓரத்தில் ஒருத்தி தன் வீட்டைத்தான் எழுதியிருக்கிறாள். மறைக்கிற வீடெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. பெயரும் ஊரும் மாற்றி எழுதச் சொன்னது நாங்கள். மாற்றி எழுதியதும் மிஸ் அதில் தன்னைப் பார்த்துக்கொண்டார். போகாதே என்று எழுதியது அவர், டைப் அடித்தது நான். எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மிஸ் பையைக்கூட எடுக்காமல் எழுந்து படியிறங்கினார். பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தெருவில் அவர் பேச ஆரம்பித்தார், என்னைப் பார்க்காமல். "எண்பத்தி நாலுல ஒருநாள் ஓஸ்வால்ட் புத்தி பிசகி வெளிய போயிட்டான். பதினோரு நாள். ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல கெடச்சான், கால்ல புழு வச்சு. அம்மாதான் தாழ்ப்பா போட்டாங்க. சாகறப்போ என் கையைப் புடிச்சிட்டு, யாருக்கும் காட்டாதேன்னாங்க. நான் மத்தியானம் சோறு போட்டு, குளிப்பாட்டி, முடி வெட்டி, எல்லாம் செஞ்சேன் ரமா. அடிச்சதில்ல. ஒருநாளும் அடிச்சதில்ல."

"தெரியும் மிஸ்" என்றேன்.

அவர் நின்றார். "எப்பலேருந்து?"

"செப்டம்பர்லேருந்து."

"ஒண்ணும் சொல்லலையே."

"நீங்களும் சொல்லலையே மிஸ்."

வீட்டுக்குள் போனோம். சனிக்கிழமை என்பதால் தெருவெல்லாம் துணி துவைக்கிற சத்தம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மிஸ் போய் அதை நிறுத்தினார். கட்டம் போட்ட திரையை ஒரே இழுப்பில் பிடுங்கினார். பின்னால் கதவு. பச்சைப் பெயின்ட் தேய்ந்து, தாழ்ப்பாளைச் சுற்றி மரம் தெரிந்தது. நோட்டில் படித்த அதே கதவு. இங்கே நான் முப்பது, நாற்பது தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாளும் அந்தக் கதவை உற்றுப் பார்த்ததில்லை.

மிஸ்ஸின் கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. தினமும் திறக்கிற கை. ஆனால் ஒரு வெளியாள் பக்கத்தில் நிற்க அதைத் திறந்ததில்லை. "நீ தொற" என்றார். "நான் சொல்றேன். தொற."

உள்ளே சத்தமே இல்லை. யாரோ கதவுக்கு மிக அருகில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். தாழ்ப்பாளை இழுத்தேன். எண்ணெய் போட்டிருந்தார்கள், சத்தமில்லாமல் வந்தது.

அவர் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, ஒழுங்காக வாரிய நரைத்த தலை, வெயில் படாமல் வெளுத்துப்போன முகம். அப்படியே மிஸ்ஸின் கண்கள். கூச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வணக்கம் சொல்ல வாயெடுத்தேன். என்ன ஏது என்று தெரியாமல், "ரமா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப நாள் பழகியவரைப் போல மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அவங்களுக்கு அரை ஸ்பூன்தான் சக்கரை."